மூன்று கிளினிக் கொப்பிகளும் ஒரு நோயும்

கொழும்பில் எமது வீடுகளில் புற்றுநோய் என்ற சொல்லை யாரும் எளிதில் வாய்விட்டுச் சொல்வதில்லை. "மஹரகமவுக்கு எழுதிக் குடுத்திருக்காங்களாம்" என்றால் போதும், கேட்பவருக்கு விளங்கிவிடும். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை எத்தனையோ பேருக்குச் சுகத்தைக் கொடுத்து அனுப்பிய இடம். ஆனாலும் ஊரின் பெயரே நோயின் பெயராக மாறிவிட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து மஹரகமவுக்குப் போகும் 112 ஆம் இலக்க பஸ்ஸில் தெரிந்த ஒருவரைக் கண்டால், எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும் தயங்குகிறோம்.

இந்தத் தயக்கம் சில நோய்களில் உயிராபத்தாக முடியக்கூடும். அவ்வாறான ஒரு நோயைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறேன். அது வளர்ந்தவர்களுக்கு வரும் ஓர் அரிய சிறுநீரகப் புற்றுநோய். பரம்பரையாகத் தொடரக்கூடியது. அதைக் கண்டுபிடிக்க நுணுக்குக்காட்டி எவ்வளவு அவசியமோ, குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் இருந்தது என்று ஒளிக்காமல் சொல்லும் ஒரு நாவும் அவ்வளவு அவசியம்.

நான் இக்கல்லூரியில் உயிரியல் படித்து வெளியேறி, இன்று இழையங்களைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் பணிபுரிகிறேன். சத்திரசிகிச்சையில் அகற்றப்படும் இழையத்தை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமூட்டி, கண்ணாடித் தட்டில் ஒட்டிக் கொடுப்பது எனது வேலை. அதைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்பவர் நோயியல் வைத்திய நிபுணர். அந்தப் பெயர் எவ்வாறு கிடைக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற வகையில், உயர்தரம் படிக்கும் தங்கைகளுக்கும் அவர்களின் உம்மாமார்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

ஒரே உறுப்பு, பல நோய்கள்

சிறுநீரகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. வளர்ந்தவர்களின் சிறுநீரகத்தில் உண்டாகும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 'தெளிகல' வகையைச் சேர்ந்தவை. அந்தக் கலங்களில் கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்திருக்கும். சீவலைத் தயாரிக்கும்போது அவை கரைந்து போவதால், நுணுக்குக்காட்டியில் கலங்கள் கண்ணாடிபோல் வெறுமையாகத் தெரியும். பெயரும் அதனால் வந்தது. இவ்வகையோடு நெருங்கிய தொடர்புடைய வீ.எச்.எல். என்ற பரம்பரையலகு 1993 இல் கண்டுபிடிக்கப்பட்டது.

மீதமுள்ள நான்கில் ஒரு பங்குக்குள் பல வகைகள் அடங்கியுள்ளன. முன்னர் அவற்றைத் தோற்றத்தை வைத்தே பிரித்தார்கள். விரல்போன்ற நீட்டங்கள் தெரிந்தால் ஒரு பெயர், குழாய்கள் தெரிந்தால் இன்னொரு பெயர். ஆனால் ஒரே தோற்றமுடைய இரு கட்டிகளில் ஒன்று ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்க, மற்றொன்று சில மாதங்களில் உடலெங்கும் பரவியது. தோற்றத்தின் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்பது தெளிவாயிற்று. உலக சுகாதார அமைப்பு 2022 இல் வெளியிட்ட வகைப்படுத்தலில், எந்தப் பரம்பரையலகு பழுதடைந்துள்ளது என்பதை வைத்தே பெயரிடப்பட்ட சிறுநீரகப் புற்றுநோய்களுக்குத் தனியான ஒரு பிரிவு உண்டு. அப்பிரிவிலுள்ள ஒன்றுதான் 'பியூமரேட் ஹைட்ரடேஸ் குறைபாட்டுச் சிறுநீரகப் புற்றுநோய்'.

கிரெப்ஸ் வட்டத்தில் அடைபட்ட வாய்க்கால்

பெயரைக் கேட்டதும் உயிரியல் மாணவிகளுக்கு எதுவோ ஞாபகம் வரும். கலத்தின் இழைமணிக்குள் நடக்கும் கிரெப்ஸ் வட்டத்தை 1937 இல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கினார். 1953 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வட்டத்தின் ஒரு படியில் பியூமரேட் என்னும் பொருள் நீருடன் சேர்ந்து மலேட் ஆக மாறும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியமே பியூமரேட் ஹைட்ரடேஸ். சுருக்கமாக எஃப்.எச். என்பார்கள். அதற்குரிய பரம்பரையலகு முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ளது.

அந்த நொதியம் இல்லாமற் போனால் என்ன நடக்கும்? மழைக் காலத்தில் வெள்ளவத்தைக் கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னோக்கி ஏறி ஒழுங்கைகளுக்குள் வருமல்லவா? அதைப்போல, மலேட்டாக மாற முடியாத பியூமரேட் கலத்துக்குள் தேங்குகிறது. தேங்கிய பியூமரேட், கலத்தின் ஒட்சிசன் அளவை உணரும் நொதியங்களைத் தடுத்துவிடுகிறது. சுற்றிலும் ஒட்சிசன் போதியளவு இருந்தாலும், "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று கலம் தவறாக எண்ணிக்கொள்கிறது. புதிய இரத்தக்குழாய்களை வரவழைக்கும் சமிக்ஞைகளை அனுப்புகிறது. குளுக்கோசை அளவுக்கு மீறி உள்ளெடுக்கிறது. கட்டி வளர்வதற்கு இவை போதும். கலங்கள் ஒட்சிசனை உணரும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2019 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரீட்சைக்காக நாம் மனனம் செய்யும் ஒரு வட்டத்தின் ஒரே ஒரு படி ஒரு மனிதரின் ஆயுளோடு இவ்வாறு தொடர்புபட்டுள்ளது.

ஒவ்வொரு பரம்பரையலகும் எமக்கு இரு பிரதிகளாகக் கிடைக்கிறது. ஒன்று உம்மாவிடமிருந்து, மற்றது வாப்பாவிடமிருந்து. எஃப்.எச். பரம்பரையலகின் ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். வாழ்நாளில் எப்போதாவது ஏதோ ஒரு கலத்தில் அந்த இரண்டாவது பிரதியும் பழுதடையும்போதுதான் ஆபத்து ஆரம்பமாகிறது. புற்றுநோய் உருவாக 'இரு அடிகள்' தேவை என்ற இந்தக் கருத்தை 1971 இல் அல்பிரட் நூட்சன் என்ற அமெரிக்க வைத்தியர் முன்வைத்தார். முதல் அடியைப் பிறக்கும்போதே வாங்கி வந்தவருக்கு இன்னும் ஓர் அடியே மீதி இருக்கிறது.

ஒரே குடும்பம், மூன்று கொப்பிகள்

இந்நோயைக் கண்டறிவதிலுள்ள சிக்கலை விளக்குவதற்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

வெள்ளவத்தையில் ஓர் உம்மா இருக்கிறார். அவரின் தோள்பட்டையிலும் கையிலும் பருப்பளவில் இறுகிய, இளம் கபில நிறமான சில புடைப்புகள். நுவரெலியாவுக்குப் போனால் அவை குளிரில் சுள்ளென்று வலிக்கும். கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். ஒரு தடவை தோல் கிளினிக்கில் காட்டியதற்குச் சாட்சியாக ஒரு கொப்பி அலுமாரியில் கிடக்கிறது.

அவருடைய மகளுக்கு 29 வயது. மாதவிடாயின்போது அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு. ஸ்கேன் செய்து பார்த்ததில் கருப்பையில் பல பைப்ரொயிட் கட்டிகள். அவற்றை அகற்றச் சத்திரசிகிச்சையும் நடந்தது. மகப்பேற்று கிளினிக்கின் கொப்பி அவரிடம் இருக்கிறது. விடயம் வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று சொந்தக்காரருக்கும் சொல்லப்படவில்லை.

உம்மாவின் தம்பி, அதாவது பிள்ளைகளின் மாமா, கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறார். வயது 43. சலத்துடன் இரத்தம் போனது. சீ.டீ. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி. மூன்றாவது கொப்பி அவருடையது.

மூன்று கொப்பிகளும் மூன்று கிளினிக்குகளில் திறக்கப்பட்டு மூடப்படுகின்றன. "குடும்பத்தில வேற யாருக்கும் ஏதும் வருத்தம் இருக்கா?" என்று வைத்தியர் மாமாவிடம் கேட்கிறார். "எங்கட குடும்பத்தில அப்படி ஒண்டும் இல்ல டொக்டர்" என்கிறார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. மருமகளின் சத்திரசிகிச்சை அவருக்குத் தெரியாது. ராத்தாவின் கையிலுள்ள புடைப்பு ஒரு வருத்தம் என்றே அவர் நினைத்ததில்லை.

உண்மையில் இவை மூன்றும் ஒரே பழுதிலிருந்து கிளைத்தவையாக இருக்கலாம். தோலிலுள்ள புடைப்பும் கருப்பையிலுள்ள கட்டியும் மழமழப்பான தசையில் உண்டாகும் கட்டிகள். இவை புற்றுநோய் அல்ல. இவ்விரண்டும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து தொடர்வதை 1973 இல் ரீட் என்ற தோல் வைத்தியரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். இத்தகைய குடும்பங்களில் சிறுநீரகப் புற்றுநோயும் வருகிறது என்பதைப் பின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து 2001 இல் ஹெல்சின்கி ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, 2002 இல், அதற்குக் காரணமான எஃப்.எச். பரம்பரையலகு அடையாளம் காணப்பட்டது. தோல் நிபுணர், மகப்பேற்று நிபுணர், சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணர் ஆகிய மூவரின் அறைகளையும் அந்த ஆய்வு ஒன்றாக இணைத்தது.

இதை வாசிக்கும் தங்கைகள் பயந்துவிடக் கூடாது. பைப்ரொயிட் மிகச் சாதாரணமானது. ஏராளமான பெண்களுக்கு அது வரும். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்தப் பரம்பரைப் பழுது இல்லை. இருபதுகளிலேயே பல கட்டிகள், அதோடு வலிக்கும் தோற்புடைப்புகள், அல்லது இளவயதில் சிறுநீரகப் புற்றுநோய் கண்ட உறவினர் என்று ஒன்றுக்கு மேற்பட்டவை சேரும்போதே சந்தேகம் எழ வேண்டும். பழுதான பரம்பரையலகைச் சுமப்பவர்களிலும் எல்லோருக்கும் சிறுநீரகப் புற்றுநோய் வருவதில்லை. பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு ஏறத்தாழ 15 சதவீதம். ஆனால் வந்துவிட்டால் இது பொல்லாதது. கட்டி சிறிதாக இருக்கும்போதே பரவக்கூடியது.

கண்ணாடித் தட்டு சொல்லும் செய்தி

மாமாவின் கட்டி அகற்றப்பட்டு எம்மைப் போன்ற ஓர் ஆய்வுகூடத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போமலின் கரைசலில் ஊறிய இழையத்தை மெழுகுக் கட்டியில் பதித்து, மூன்று அல்லது நான்கு மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவுகிறோம். தலைமயிர் ஒன்றை நீளவாட்டில் இருபதாகப் பிளந்தால் ஒரு பங்கு என்ன தடிப்பில் இருக்குமோ, அந்த அளவு. பிறகு ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமூட்டுகிறோம்.

நுணுக்குக்காட்டியில் நிபுணர் முதலில் காண்பது ஒழுங்கற்ற அமைப்பு. ஓரிடத்தில் விரல்போன்ற நீட்டங்கள், இன்னோரிடத்தில் குழாய்கள், வேறோரிடத்தில் திண்மமான கலக்கூட்டம். கலத்தின் கருவுக்குள் இருக்கும் புன்கரு வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாகி, செந்நிறமாகி, அதைச் சுற்றி ஒரு வெளிறிய வளையத்துடன் தெரியும். ஆந்தையின் கண் நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். இது சந்தேகத்தைக் கிளப்பும் அடையாளமே தவிர முடிவு அல்ல. வேறு சில கட்டிகளிலும் இப்படித் தெரியலாம்.

அடுத்த படி, பிறபொருளெதிரிகளைக் கொண்டு சாயமூட்டுவது. எஃப்.எச். புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை இட்டால், புரதம் இருக்கும் இடம் கபில நிறமாகும். இந்நோயில் கட்டியின் கலங்கள் நிறமற்று நிற்கும். அதே சீவலில் இருக்கும் இரத்தக்குழாயின் சாதாரணக் கலங்களோ கபிலமாகியிருக்கும். அந்த இரத்தக்குழாய் எமக்கு மிக முக்கியம். அதுவும் நிறமற்று இருந்தால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பரிசோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில விகாரங்களில் புரதம் உருவாகும், ஆனால் வேலை செய்யாது. அப்போது கட்டியும் கபிலமாகிவிடும். அதற்காகவே இரண்டாவது சோதனை இருக்கிறது. கலத்தில் தேங்கிய பியூமரேட், புரதங்களிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துடன் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு உருவாகும் பொருளைச் சுருக்கமாக 2எஸ்சி என்பார்கள். அதைத் தேடும் சாயம் கட்டியில் பிடித்தால் பியூமரேட் தேங்கியிருக்கிறது என்பது தெரியவரும். நொதியம் இருக்கிறதா என்று முதலாவது சோதனை கேட்கிறது, அது வேலை செய்கிறதா என்று இரண்டாவது கேட்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது விடை உறுதிப்படுகிறது.

கட்டியில் பழுது இருப்பது தெரிந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். அது பிறப்பிலேயே வந்ததா, கட்டியில் மட்டும் புதிதாக உண்டானதா? அதற்கு இரத்தத்தை எடுத்து டீ.என்.ஏ. வரிசையை வாசிக்க வேண்டும். இரத்தக் கலங்களிலும் அதே விகாரம் இருந்தால் அது பரம்பரையானது. எமது நாட்டில் மரபியல் ஆலோசனைத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983 இலேயே ஆரம்பிக்கப்பட்டது.

பெயர் தெரிந்தால் என்ன பயன்?

"எப்படியும் கட்டியை வெட்டித்தானே எடுக்கிறார்கள், பெயர் எதுவாக இருந்தால் என்ன?" என்று கேட்கலாம். பயன் மூன்று வகையில் உண்டு.

முதலாவது, சத்திரசிகிச்சையின் வேகமும் அளவும். வேறு சில பரம்பரைச் சிறுநீரகக் கட்டிகளை 3 சென்ரிமீற்றர் ஆகும்வரை கண்காணித்துக் காத்திருக்கலாம். இந்நோயில் காத்திருக்க முடியாது. சிறிய கட்டியையும் உடனே, சுற்றியுள்ள ஆரோக்கியமான இழையத்தின் ஓர் எல்லையோடு சேர்த்து அகற்ற வேண்டும்.

இரண்டாவது, மருந்து. தெளிகல வகைக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் எல்லாம் இதற்கு அதேபோல் வேலை செய்வதில்லை. அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகத்தில் ராமபிரசாத் ஸ்ரீநிவாசன் என்ற வைத்தியரின் தலைமையில், பெவசிசுமாப், எர்லொட்டினிப் ஆகிய இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பரவிய நிலையிலிருந்த பரம்பரை நோயாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் கட்டிகள் குறிப்பிடத்தக்க அளவில் சுருங்கின. நோயின் சரியான பெயர் தெரியாமல் இந்த வழியை யாரும் தேடியிருக்க முடியாது.

மூன்றாவதே நான் மிகப் பெரிதாக நினைப்பது: குடும்பம். பழுதான பிரதியைச் சுமக்கும் ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்பட இரண்டில் ஒன்று என்ற வாய்ப்பு உண்டு. மாமாவின் இரத்தத்தில் விகாரம் கண்டறியப்பட்டால், அதே விகாரத்தை மட்டும் தேடி ராத்தாவையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கலாம். இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்துகொள்வார்கள். சிறு வயதிலேயே, எட்டு முதல் பத்து வயதிலிருந்து, இதை ஆரம்பிக்கும்படி நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். சாதாரண ஸ்கேனில் சிறிய கட்டிகள் தவறிவிடக்கூடும். பழுது இல்லை என்று தெரிந்தவர்களோ அந்தப் பயத்திலிருந்து முழுமையாக விடுபடுகிறார்கள். பரிசோதனை கெட்ட செய்தியை மட்டுமே கொண்டுவரும் என்று நினைப்பது பிழை.

இன்னுமொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாமா மகன், மாமி மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் முடிப்பது எம்மிடையே வழமை. மார்க்கமும் அதை அனுமதித்திருக்கிறது. ஆனால் இருவருமே எஃப்.எச். பழுதின் ஒரு பிரதியைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரு பழுதான பிரதிகளும் கிடைக்க நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு உண்டு. அவ்வாறான குழந்தையின் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கப்படும். குடும்பத்தில் இப்பழுது இருப்பது தெரிந்தால், கல்யாணத்துக்கு முன்னரே மரபியல் ஆலோசகரைச் சந்தித்து முடிவெடுக்கலாம்.

சொல்லாமல் விட்டவை

எனது உம்மும்மாவின் உம்மா எதனால் மௌத்தானார் என்று வீட்டில் கேட்டிருக்கிறேன். "வயித்து வருத்தம்" என்பதே கிடைத்த விடை. எந்த உறுப்பு, எந்த வயது, எவ்வளவு காலம் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு என்ன சமையல் பிடிக்கும், எந்தப் பிள்ளைமீது அதிகம் உயிர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நோய் மட்டும் அவரோடு கபுறுக்குள் போய்விட்டது. உங்கள் வீடுகளிலும் இப்படியொரு 'வயித்து வருத்தம்' இருக்கும்.

ஒளிப்பதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. பெண் பிள்ளைகளின் கல்யாணம் தடைப்படும் என்ற பயம் பொய்யான பயமல்ல; பேச்சு முறிந்த வீடுகள் உண்டு. அந்தப் பயத்தை ஏளனம் செய்ய நான் வரவில்லை. ஆனால் தெருவுக்குச் சொல்வது வேறு, கூடப்பிறந்தவருக்கும் வைத்தியருக்கும் சொல்வது வேறு. முதலாவதுக்கு யாருக்கும் கடமை இல்லை. இரண்டாவது, கூடப்பிறந்தவரின் உயிர் எம்மிடம் வைத்த அமானிதம். சுகமும் வருத்தமும் அல்லாஹ்வின் கையில் என்பதில் எமக்குச் சந்தேகம் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்பதையும் சிறு வயதில் மத்ரஸாவிலேயே கேட்டவர்கள் நாம்.

எனவே தங்கைகளிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். அடுத்த பெருநாள் விடுமுறையில் குடும்பம் ஒன்றுகூடும்போது ஒரு தாளில் உங்கள் குடும்ப மரத்தை வரையுங்கள். உயிரியல் பாடத்தில் படித்ததுபோல் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். உம்மா பக்கம், வாப்பா பக்கம் இரண்டிலும் மூன்று தலைமுறை போதும். யாருக்கு எந்த வயதில் என்ன வருத்தம் வந்தது, என்ன சத்திரசிகிச்சை நடந்தது, எதனால் மௌத்தானார் என்பவற்றை மூத்தவர்களிடம் மரியாதையோடு கேட்டு எழுதுங்கள். தோலிலுள்ள புடைப்பு, கருப்பைக் கட்டி என்று சிறிதாகத் தோன்றுபவற்றையும் விட்டுவிடாதீர்கள். அகற்றப்பட்ட கட்டிகளின் அறிக்கைகள் இருந்தால் எறிய வேண்டாம். ஆய்வுகூடங்களில் மெழுகுக் கட்டிகள் ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கப்படுவதுண்டு. பழைய கட்டியிலிருந்தும் புதிய சீவலை வெட்டிப் பரிசோதிக்க முடியும்.

அந்தத் தாளை உங்கள் கிளினிக் கொப்பியின் பின்னட்டைக்குள் மடித்து வையுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கும் ஏதும் வருத்தம் உண்டா என்று வைத்தியர் கேட்கும் நாளில் அதை எடுத்து அவர் முன்னால் விரித்துக் காட்டலாம்.